கூரையில் வெயில், டேப்லட்டில் பூஜ்யம்: வீட்டுச் சோலாரிலும் இணையத்திலும் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

நண்பகல், பளிச்சென்று வெயில். டேப்லட்டில் சோலார் செயலியைத் திறந்தால் உற்பத்தி 0.00 கிலோவாட். இதைப் பார்த்ததும் பலர் சோலார் மாட்டிய ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள், இல்லையென்றால் ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறுவார்கள். இரண்டுமே அவசரம். பேனலில் பிறக்கும் அந்த எண், டேப்லட் திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. பேனல், பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர், அதன் அடியில் சொருகி எண்ணை இணையத்துக்கு அனுப்பும் வைஃபை குச்சி, ரௌட்டர், ஃபைபர் எட்டாத தோட்டத்துப் பக்கமானால் 4ஜி கோபுரம், கடைசியில் டேப்லட். இதில் எங்கே அறுந்தாலும் திரையில் தெரிவது அதே பூஜ்யம்தான்.

முதலில் இன்வர்ட்டர் எதிரில் போய் நில்லுங்கள். அதன் திரையில் 3.6 கிலோவாட் என்று ஓடிக்கொண்டிருந்தால், அல்லது பச்சை விளக்கு நிலையாக எரிந்தால், கரண்டு நன்றாகத்தான் வருகிறது, செய்திதான் வந்து சேரவில்லை. கூரையை மறந்துவிட்டு டேப்லட், ரௌட்டர் பக்கம் போங்கள். சிவப்பு விளக்கும் ஒரு குறியீடும் தெரிந்தால் கோளாறு கரண்டுப் பக்கம். அந்தக் குறியீட்டையும் நேரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், பல குறியீடுகள் அரை மணியில் தானாக மறைந்துவிடும். பகலில் விளக்கே இல்லாமல் இருண்டு கிடந்தால் பேனலின் கரண்டு இன்வர்ட்டருக்கே வந்து சேரவில்லை, அல்லது இன்வர்ட்டரே கெட்டிருக்கிறது என்று பொருள். இரவில் இருண்டு கிடப்பது கோளாறு அல்ல, பெரும்பாலான இன்வர்ட்டர்கள் பேனலில் வரும் கரண்டில்தான் விழிக்கும்.

இன்னொன்றும் பலருக்குப் புரியாமல் இருக்கிறது. தெனாகா மின் நிறுவனத்தின் கரண்டு போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். தெருக்கம்பத்தில் வேலை செய்பவருக்கு உங்கள் கூரையிலிருந்து ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்டு திரும்பிய பிறகும் இன்வர்ட்டர் ஒன்று முதல் ஐந்து நிமிடம் வரை பொறுத்துப் பார்த்துத்தான் ஓடத் தொடங்கும்.

டேப்லட்டில் டேட்டா வரவில்லை

இது சிம் போடக்கூடிய டேப்லட்தானா என்று முதலில் பாருங்கள். ஒரே மாடல் வைஃபை மட்டும் என்றும் சிம்முடன் என்றும் இரண்டு வகையாக விற்கும். செட்டிங்ஸில் ‘டேப்லட்டைப் பற்றி’ பகுதியில் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருந்தால் சிம் வகை. எண்ணே இல்லை என்றால் அந்தத் தட்டில் மெமரி கார்டு மட்டும்தான் வேலை செய்யும்.

சிம் வகைதான், ஆனால் பழையது என்றால் இன்னொரு கேள்வி. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 3ஜி வரைக்கும் மட்டும் போகிற டேப்லட்டில் சிக்னல் கோடுகள் தெரியலாம், டேட்டா உருப்படியாக வராது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயன் இல்லை, காசையும் நேரத்தையும் அதில் போடாதீர்கள். இணையத்தில் மலிவாக வாங்கிய டேப்லட்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. இங்கே 4ஜி பெரும்பாலும் 1800, 2600, 2100, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. இதில் 900 தொலைவுக்குப் போகும், 2600 தொலைவுக்குப் போகாது. 900-ஐப் பிடிக்காத டேப்லட் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நன்றாக ஓடும், சில கிலோமீட்டர் உள்ளே தோட்டத்துக்குள் போனதும் செத்துவிடும். சிம்மின் மேல் பழி போடுவதற்கு முன்னால் பெட்டியில் 4ஜி பேண்ட் 8 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் சிம்மைக் கழற்றிக் கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் டேட்டா இல்லை என்றால் கோளாறு சிம்மில் அல்லது கணக்கில். டேப்லட் சிம்முக்கு யாரும் ஞாபகமாக ரீலோட் போடுவதில்லை, செல்லுபடி நாள் தாண்டி எண்ணே ரத்தாகியிருக்கும். புது சிம் எடுக்க, யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவரே மைகார்டு அடையாள அட்டையுடன் கடைக்குப் போக வேண்டும். மகன் பெயரில் எடுத்து, மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகள் இதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

கைப்பேசியில் ஓடி டேப்லட்டில் ஓடவில்லை என்றால் சிம் தட்டைக் கவனியுங்கள். பெரிய சிம்மை வெட்டி நானோ ஆக்கியதோ, அடாப்டர் சட்டத்தில் வைத்ததோ, கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உள்ளே இருக்கும் ஊசிகள் தொடாது. ஈரக் காற்றில் தங்க நிறத் தகடு மங்கிப்போயிருந்தால், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சிம் பின் எண்ணை மூன்று முறை தவறாக அடித்தால் பூட்டிக்கொள்ளும், பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். அதை யூகித்து அடிக்கவே கூடாது. பத்து முறை தவறினால் சிம் அத்தோடு முடிந்தது.

சிம் தெரிகிறது, கோடுகள் இருக்கின்றன, பக்கம் மட்டும் திறக்கவில்லையா? பெரும்பாலும் ஏபிஎன், அதாவது டேட்டாவை இணையத்தோடு சேர்க்கும் செட்டிங். மொபைல் நெட்வொர்க் பகுதியில் ஏபிஎன் பட்டியலுக்குப் போய், மேல் மூலையில் இருக்கும் மெனுவில் ‘இயல்பு நிலைக்கு மாற்று’ என்பதை அழுத்தி, டேப்லட்டை அணைத்துப் போடுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஓர் இடைவெளி கூடினாலும் வேலை செய்யாது.

வாரக் கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்லட்டில் தேதி பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று சொல்லி எந்தத் தளமும் திறக்காது, சோலார் செயலியும் உள்ளே விடாது. தேதியையும் கோலாலம்பூர் நேரத்தையும் சரிசெய்தால் அடுத்த நொடியே எல்லாம் ஓடும். இதற்காக டேப்லட்டையே ரீசெட் பண்ணி, படங்களை எல்லாம் இழந்தவர்கள் நிறைய.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் டேப்லட்டை ஓட்டுகிறவர்கள் பிளானை ஒருமுறை படியுங்கள். ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் பல பிரிபெய்ட் பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கும். அது தீர்ந்ததும் கைப்பேசியில் வீடியோ ஓடும், டேப்லட்டில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செம்பனைக்குள் சிக்னல்

கோடுகளை நம்பாதீர்கள். நான்கு கோடு என்பதற்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலு டிபிஎம் கணக்கில் இருக்கும், மைனஸ் எண். 4ஜியில் -85 நல்லது, -100 பரவாயில்லை, -110 தாண்டினால் திணறும், -120 என்றால் நடைமுறையில் இல்லை. இந்தக் கணக்கில் 3 கூடினால் வலு இரு மடங்கு. -110 இடத்திலிருந்து -101 இடத்துக்கு நகர்ந்தால் எட்டு மடங்கு. வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று, எண்ணைத் தாளில் குறியுங்கள். தகரக் கூரை வீட்டில் நடுக்கூடத்துக்கும் சன்னல் ஓரத்துக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம்.

முன்பு நன்றாக இருந்த சிக்னல் வருடா வருடம் குறைகிறது என்றால் கோபுரத்தை மட்டும் திட்டாதீர்கள். செம்பனை வளர்கிறது. கன்று நட்ட காலத்தில் கோபுரம் நேராகத் தெரிந்திருக்கும், பதினைந்து வருடத்தில் மட்டைகள் நடுவில் வந்து நிற்கும். மழையில் நனைந்த மட்டை காய்ந்த மட்டையைவிட அதிகம் விழுங்கும், மழை நாளில் இணையம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்த பிறகு சிக்னல் திடீரென்று கூடினால் ஆச்சரியப்படவும் வேண்டாம்.

இதற்கு மருந்து உயரம். 4ஜி ரௌட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலின் மேல் விளிம்பில் வையுங்கள். போதவில்லை என்றால் வெளி ஆண்டெனா. ரௌட்டரின் பின்னால் திருகி மாட்டும் ஆண்டெனா வாய் இருந்தால்தான் அது சாத்தியம், இரண்டு வாய் இருந்தால் இரண்டு கேபிளும் போட வேண்டும், ஒன்று மட்டும் போட்டால் வேகம் பாதிதான். கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிய கேபிளில் பதினைந்து மீட்டர் இழுத்தால், மேலே சம்பாதித்ததைக் கேபிளே தின்றுவிடும். கரண்டு ஒயரை நீளமாக்கி ரௌட்டரை மேலே ஏற்றுவது எப்போதும் மலிவு.

எண் -85, ஆனாலும் இரவு எட்டு முதல் பதினொன்று வரை ஆமை வேகம், காலை ஆறு மணிக்குப் பறக்கிறது என்றால் அது கோபுரத்தில் நெரிசல். ஆண்டெனா வாங்கி அதைத் தீர்க்க முடியாது.

இன்வர்ட்டரின் வைஃபை குச்சி

செயலியில் பூஜ்யம், இன்வர்ட்டரில் எண் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். புது ரௌட்டர் வாங்கினீர்களா, பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று முதலில் யோசியுங்கள். குச்சிக்குப் பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும்தான் தெரியும். மேலும் இந்தக் குச்சிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் பிடிக்கும். புது ரௌட்டர்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கலந்து தருவதால் குச்சி தடுமாறும். ரௌட்டர் செட்டிங்கில் இரண்டையும் பிரித்து, 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள். பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் போதும், குறியீடுகளைச் சில குச்சிகள் ஏற்காது.

சேர்க்கும்போது டேப்லட்டின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் பலர் மணிக்கணக்கில் அல்லாடுகிறார்கள். குச்சி தனக்கென்று ஒரு வைஃபை ஒளிபரப்பும், அதில் இணையம் இருக்காது. இணையம் இல்லை என்று கண்டதும் டேப்லட் நைசாக 4ஜிக்குத் தாவிவிடும், செயலி குச்சியைத் தேடித் தோற்றுப்போகும். லொகேஷன் அனுமதியையும் கொடுங்கள், ஆண்ட்ராய்டில் அது இல்லாமல் செயலியால் சுற்றியுள்ள வைஃபையைப் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு குச்சியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். சேர்ந்த பிறகும் எண் வர ஐந்து பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து மறுபடி ரீசெட் பண்ணாதீர்கள்.

இன்வர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது

வெயில் நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை நிற்கிறது, மேகம் போட்டால் ஓடுகிறது. கேட்டால் விசித்திரமாகத் தோன்றும், காரணம் எளிது. நம் நாட்டில் வீட்டுக் கரண்டு 230 வோல்ட், அனுமதி 10 விழுக்காடு கூடுதல், 6 விழுக்காடு குறைவு, அதாவது 216-லிருந்து 253 வரை. சோலார் கரண்டு வெளியே போக வேண்டுமென்றால் இன்வர்ட்டர் தெரு ஒயரைவிடக் கொஞ்சம் அதிக வோல்ட்டில் தள்ள வேண்டும். நீண்ட தெனாகா கோட்டின் கடைசியில் இருக்கும் தோட்டத்து வீட்டில், பக்கத்து வீடுகளிலும் சோலார் இருந்தால், உச்சி வெயிலில் வோல்ட் 253-ஐத் தொட்டுவிடும். இன்வர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

இதில் யார் பக்கம் தப்பு என்று பார்க்க ஒரு சோதனை போதும். பிளக்கில் சொருகினால் வோல்ட் காட்டும் சிறிய மீட்டர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். மீட்டர் பெட்டிக்கு அருகே, வேறு எதுவும் ஓடாத சாக்கெட்டில் அதைப் போட்டு, அதே நிமிடம் இன்வர்ட்டர் திரையில் இருக்கும் ஏசி வோல்ட்டையும் எழுதுங்கள். இன்வர்ட்டரில் 254, சாக்கெட்டில் 247 என்றால் நடுவிலிருக்கும் உங்கள் ஒயர்தான் ஏழு வோல்ட்டைத் தின்கிறது. 5 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 22 ஆம்பியர். 20 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் போக வரச் சுமார் 4 வோல்ட் ஏறும், 10 சதுர மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை வோல்ட்தான். கணக்குக்கு மேல் ஏறுகிறது என்றால் எங்கோ ஒரு திருகு தளர்ந்து சூடேறுகிறது. அதைத் தள்ளிப்போடாமல் வயர்மேனைக் கூப்பிட வேண்டும். இரண்டு இடத்திலும் 252, 253 என்றால் வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. மூன்று நாள் நேரம், வோல்ட் எழுதிய தாளுடன் தெனாகாவின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்யும் வேலை அவர்களுடையது.

விளக்குகள் சில மங்கி, சில பளிச்சென்று எரிந்தால் அது வேறு கதை. நியூட்ரல் ஒயர் கழன்றிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே அதே எண்ணுக்கு அழையுங்கள்.

காலையில், அல்லது மழை விட்டதும், ‘ஐசோ’ என்று தொடங்கும் குறியீடு வந்து பதினொரு மணிக்குள் மறைகிறதா? பேனல் ஒயரில் எங்கோ தோல் கிழிந்து, ஈரத்தின் வழியாகக் கரண்டு கூரைத் தகரத்துக்குக் கசிகிறது. காய்ந்ததும் கசிவு நிற்பதால் தானாகச் சரியானது போல் தெரியும். வழக்கமான இடங்கள் இவை: அணில் அல்லது எலி கடித்த ஒயர், தகர விளிம்பில் உரசும் ஒயர், பேனல் ஒயர்களைக் கோக்கும் எம்சி4 கனெக்டர் பாதி அழுத்திய நிலையில், இரண்டு வேறு பிராண்டு கனெக்டரைக் கோத்த இடம், கூரை மேல் இருக்கும் ஐசொலேட்டர் (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சு) பெட்டிக்குள் தேங்கிய தண்ணீர். ஒயர் பெட்டியின் மேல் பக்கமாக நுழைந்திருந்தால் தண்ணீரும் அதே வழியில் நுழையும், அடிப்பக்கமாக நுழைவதுதான் முறை. ‘காய்ந்தால் சரியாகிவிடுகிறதே’ என்று மாதக்கணக்கில் விடுவது இதில் மிகப் பெரிய தப்பு, ஈரக் கூரையைத் தொடுபவருக்கு அது உயிர் ஆபத்து.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூரையிலிருந்து வரும் டிசி ஒயரில் பல வீடுகளில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், இன்வர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும் வரை அது இருந்துகொண்டே இருக்கும். ஓடும்போது எம்சி4-ஐ இழுத்தால் வெல்டிங் போலத் தீப்பொறி நீளும், தானாக அணையாது. எனவே கனெக்டரும் ஐசொலேட்டரும் பதிவு பெற்ற வயர்மேன் வேலை. பழைய லயத்து வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆள் கனத்தைத் தாங்காது, அதன் மேல் யாரும் நடக்கக் கூடாது.

உற்பத்தி குறைவா, எதிர்பார்ப்பு அதிகமா

5 கிலோவாட் போட்டேன், ஒருநாளும் 5 காட்டவில்லை என்பது வழக்கமான புகார். பேனலின் அளவு 25 பாகை சூட்டில் கணக்கிட்டது. நம் ஊர் தகரக் கூரையில் நண்பகல் பேனல் 60 பாகைக்குப் போகும், ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.35 விழுக்காடு குறையும், 12 விழுக்காடு சூட்டிலேயே போய்விடும். உச்சியில் 4 காட்டினால் நல்ல நிலை. ஒரு நாளைக்கு 1 கிலோவாட்டுக்குச் சராசரி மூன்றரை யூனிட், 5-க்கு 17, 18 யூனிட். விடாத மழை நாளில் ஐந்தாறாகக் குறையும், புகைமூட்ட மாதத்திலும் குறையும்.

குறைவின் அளவே காரணத்தைச் சொல்லும். சரியாகப் பாதி என்றால் இரண்டு பேனல் வரிசைகளில் ஒன்று செத்திருக்கலாம், இன்வர்ட்டர் திரையில் ‘பிவி1’, ‘பிவி2’ இரண்டையும் பாருங்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் குழி விழுந்தால் நிழல்: வளர்ந்துவிட்ட முருங்கை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மாதக்கணக்கில் மெல்ல இறங்கினால் அழுக்கு. செம்பனை ஆலையிலிருந்து காற்று வீசும் திசையில் இருக்கும் வீடுகளில் கரி எண்ணெய்ப் பசையோடு படியும், மழை அதைக் கழுவாது. காலை எட்டுக்குள், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, தரையில் நின்றபடி நீண்ட கழியில் மெல்லிய பிரஷ், வெறும் தண்ணீர். சோப்புத் தூள் படலம் விட்டுவிடும், நண்பகலில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் கண்ணாடி வெடிக்கலாம்.

கோயில் விளக்கு, ஆட்டுக் கொட்டகை விளக்கு

பேட்டரி வைத்த சிறிய சோலாரில் கணக்குதான் முதல் கோளாறு. 10 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிய 120 வாட் மணி வேண்டும். 12 வோல்ட் 20 ஆம்பியர் மணி ஈயப் பேட்டரியில் 240 இருக்கும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். ஆக ஓர் இரவுக்குச் சரி, இரண்டாம் நாள் மழை பெய்தால் இருட்டு. 40 ஆம்பியர் மணி பேட்டரியும் 100 வாட் பேனலும் போட்டால்தான் ஒரு மழை நாளைத் தாங்கும். பெட்டியில் 300 வாட் என்று போட்ட மலிவு விளக்குகளை அளவை வைத்தே கணக்குப் போடலாம். ஏ4 தாள் அளவு பேனல் சுள்ளென்ற வெயிலிலும் 12 வாட்டைத் தாண்டாது.

ஈயப் பேட்டரியைக் கழற்றி இரண்டு மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி, 11.8 காலி. பகலில் பேனல் ஒயரைத் தனியாக அளந்தால் 20, 22 வோல்ட் வர வேண்டும். வந்தும் பேட்டரி ஏறவில்லை என்றால் கோளாறு பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் இருக்கலாம். அதற்கு எப்போதும் பேட்டரியை முதலில் இணைத்து, பிறகுதான் பேனல், கழற்றும்போது பேனல் முதலில். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் கண்ட்ரோலரிலும் வகையை மாற்ற வேண்டும். ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்: 10 ஆம்பியரை 10 மீட்டர் தூரம் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் கொண்டுபோனால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போகும், 6 போட்டால் 0.6 தான். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

இடி இடித்த மறுநாள்

ரௌட்டரின் அடாப்டர்தான் பெரும்பாலும் முதலில் போகும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டர் மாட்டிப் பார்க்காமல் ரௌட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். சோலார் பெட்டிக்குள் மின்னல் தடுப்பான் இருக்கும், அதன் சிறிய சன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள். கரண்டு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அடுத்த இடிக்குக் காவல் இல்லை, வயர்மேனிடம் சொல்லி மாற்றுங்கள்.

இன்வர்ட்டரை அணைத்துப் போட வேண்டி வந்தால் வரிசை முக்கியம். முதலில் ஏசி சுவிட்சு, அடுத்து டிசி சுவிட்சு, பிறகு ஐந்து நிமிடம் கைவைக்காமல் இருங்கள். திரும்பப் போடும்போது உங்கள் இன்வர்ட்டரின் கையேடு சொல்லும் வரிசை. பச்சை விளக்கு நிலைத்து நின்ற பிறகு, பத்து நிமிடம் கழித்து டேப்லட்டைத் திறங்கள்.